உறையின் மேல் எழுதும் சொல்லும் அமானிதமே

(சென்னை, நங்கநல்லூரில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

 

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரி தம் மகனை உடன் அழைத்துக்கொண்டு என்னைக் காண வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து நான்கு பொருள்களை எடுத்து மேசை மீது வைத்தார். தேங்காய் எண்ணெய் சோப்பு, நலங்கு மாவு, கூந்தல் தைலம், கற்றாழை ஜெல். முதல் மூன்றும் அவர் தம் வீட்டு அடுக்களையில் செய்தவை. நான்காவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கணவர் நோயுற்று வீட்டோடு இருந்துவிட்ட நிலையில், மூன்று ஆண்டுகளாக இந்த வியாபாரத்தைக் கொண்டுதான் அக்குடும்பம் நடந்து வருகிறது. நங்கநல்லூர், பழவந்தாங்கல், ஆதம்பாக்கம் பகுதிகளின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அவருக்கு வாடிக்கையாளர்கள் உண்டு. வாட்ஸ்அப்பில் ஆர்டர் வரும். மகன் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பான்.

நான்கின் உறையிலும் பச்சை நிறத்தில் ஓர் இலைப்படம். அதன் கீழ், '100% ஆர்கானிக், கெமிக்கல் அறவே இல்லை' என்று அச்சிடப்பட்டிருந்தது. வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியை, "இதற்கு எங்கே சான்று வாங்கினீர்கள், அம்மா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டிருக்கிறார். இவருக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு உறக்கமும் வரவில்லை.

"ஹஜ்ரத், உறை அடித்த இடத்தில் எல்லாரும் இப்படித்தான் போடுகிறார்கள் என்றார்கள். நானும் போடச் சொல்லிவிட்டேன். இது பொய்யில் சேருமா? பொய்யென்றால், இதுவரை நான் வாங்கிய காசின் நிலை என்ன?" என்று கேட்டார்.

சகோதரர்களே! உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சென்ற ரமளானில் நம் பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையில், 'நம் சகோதரி தயாரிக்கும் ஆர்கானிக் சோப்புகளுக்கு ஆதரவு தாரீர்' என்று எழுதியது இந்தக் கைதான். எவரிடமும் ஒரு வார்த்தை விசாரிக்காமல் எழுதினேன். செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்னும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் (49:6) கட்டளையை மத்ரஸாப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன் நான்.

பிறகு கிதாபுகளைப் புரட்டினேன். இத்துறை அறிந்த சிலரையும் விசாரித்தேன். அச்சகோதரியின் அனுமதி பெற்று, அறிந்தவற்றை இன்று உங்கள் முன் வைக்கிறேன். நம் மஹல்லாவில் மட்டும் இத்தகைய சிறுதொழில் செய்யும் குடும்பங்கள் பல இருப்பதால், இது ஒருவரின் பிரச்சினை அன்று.

அந்தச் சொல்லின் பொருள்

ஆர்கானிக் என்ற சொல் பொருளின் நிறத்தையோ மணத்தையோ பற்றியதன்று. அது விளைந்த நிலத்தைப் பற்றியது. செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிக்கொல்லியும் இடாமல், வகுக்கப்பட்ட விதிகளின்படி விளைவித்து, ஓர் அமைப்பு வந்து ஆய்வு செய்து சான்று வழங்கிய விளைபொருள் என்பதே அதன் கருத்து. நம் நாட்டில் இதற்கான தேசியத் திட்டம் 2001-ல் தொடங்கப்பட்டது. அதன்படி, இரசாயனத்திற்குப் பழகிய நிலம் ஒரே நாளில் மாறிவிடாது. பொதுவாக ஓராண்டுப் பயிர்களுக்கு 2 ஆண்டுகளும், தென்னை போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு 3 ஆண்டுகளும் மாற்றக் காலமாகக் கழிய வேண்டும். தமிழகத்தில் இச்சான்றை வழங்க, கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு அங்ககச் சான்றளிப்புத் துறை 2007-ல் தொடங்கப்பட்டது. சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் சரிபார்க்கும் பங்கேற்பு உத்தரவாத முறையும் இருக்கிறது.

பொள்ளாச்சியிலோ பட்டுக்கோட்டையிலோ ஒரு தென்னை விவசாயி மூன்று ஆண்டுகள் விளைச்சல் குறைவைப் பொறுத்துக்கொண்டு, பதிவேடு எழுதி, ஆய்வாளருக்குப் பதில் சொல்லி, அந்த ஒரு சொல்லைப் பெறுகிறார். நாமோ அதே சொல்லைப் பச்சை மையின் விலைக்கு எடுத்துக்கொள்கிறோம்.

தமிழில் நமக்கு ஒரு சங்கடமும் இருக்கிறது. நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்து பரப்பிய 'இயற்கை வேளாண்மை' என்ற தொடர் மக்கள் நாவில் ஏறிவிட்டது. அதனால் இயற்கை என்றாலே ஆர்கானிக் என்று எண்ணிவிடுகிறோம். அரசு ஆவணங்கள் 'அங்கக' என்ற சொல்லை ஆளுகின்றன. 2023-ல் தமிழக அரசு வெளியிட்ட கொள்கையின் பெயரும் அங்கக வேளாண்மைக் கொள்கை என்பதே. மளிகைக் கடையில் வாங்கும் தேங்காய் எண்ணெய் இயற்கையில் விளைந்ததுதான்; ஆனால் சான்று பெற்ற அங்ககப் பொருள் அன்று. மரச்செக்கில் ஆட்டியது என்றால், ஆட்டிய விதம் தெரிகிறது. விளைந்த விதம் தெரியவில்லை. மூலிகை என்றால் செடியின் வகை தெரிகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு செய்திக்குரிய சாட்சியம். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை நிறுத்தினால் சாட்சி பிறழ்ந்துவிடும்.

அடுத்தது, 'கெமிக்கல் இல்லை' என்பது. எண்ணெயும் காரமும் சேராமல் சோப்பு உருவாகாது. காஸ்டிக் சோடா என்று நாம் அழைக்கும் சோடியம் ஹைட்ராக்சைடைக் கரைத்து எண்ணெயில் சேர்க்கிறார்கள். அளவு சரியாக இருந்தால் அந்தக் காரம் எண்ணெயோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். பிறகு நான்கு முதல் ஆறு வாரங்கள் காய வைக்கிறார்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஃபலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரத்து ஆலிவ் எண்ணெய் சோப்பும், சிரியாவின் அலெப்போ சோப்பும் நம் முன்னோர் உலகுக்கு அளித்த கொடைகள். 2024-ல் யுனெஸ்கோ இவ்விரண்டையும் மானிட மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அங்கும் காரம் சேர்த்தார்கள். செடியின் சாம்பலிலிருந்தும் சுண்ணாம்பிலிருந்தும் எடுத்தார்கள். காரம் சேர்த்தது குற்றமன்று. சேர்க்கவில்லை என்று எழுதியதுதான் குற்றம்.

இப்போது நான்காவது பொருளுக்கு வருகிறேன். செடியிலிருந்து வழித்தெடுத்த கற்றாழைச் சோறு பெரும்பகுதியும் நீரே. பதப்பொருள் சேர்க்காமல் வைத்தால் சில நாள்களிலேயே கெட்டுவிடும். மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் ஜெல்லை அச்சகோதரி மொத்த வியாபாரியிடம் கேனில் வாங்கி, சிறு டப்பாக்களில் நிரப்பி விற்கிறார். மகனை அனுப்பி அந்தக் கேனைக் கொண்டுவரச் சொன்னேன். அதன் மேல் பதப்பொருள்கள் இரண்டின் பெயர்கள் தெளிவாக இருந்தன. டப்பாவின் மேல் அவை இல்லை. அங்கே இலைப்படம் இருந்தது.

நலங்கு மாவின் கதை வேறு. பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ், கஸ்தூரி மஞ்சள் என்று நாட்டு மருந்துக் கடையில் பார்த்துப் பார்த்து வாங்குகிறார். ஆனால் கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் சந்தைக்கு வருவது பல நேரங்களில் வேறொரு கிழங்கு என்று இத்துறையினர் சொல்கிறார்கள். அதாவது, ஏமாற்றுபவர் ஆகும் முன் நம் சகோதரியே ஏமாற்றப்பட்டிருக்கக்கூடும். வாங்கும் இடத்தில் விசாரிப்பது விற்பவர் மீதுள்ள கடமை என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்கிறோம்.

ஈரத் தானியமும் கட்டிய மடியும்

நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது, அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று அறிவித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

கவனியுங்கள். தானியத்தை நனைத்தது மழை, வியாபாரி நனைக்கவில்லை. ஈரத் தானியத்தை விற்கக் கூடாது என்று நபியவர்கள் தடுக்கவுமில்லை. மேலே வையுங்கள் என்றார்கள். கேனின் மேல் இருந்த இரண்டு பெயர்களை டப்பாவின் மேல் கொண்டுவருவதுதான் ஈரத் தானியத்தை மேலே வைப்பது.

ஆடு, ஒட்டகங்களின் பாலைக் கறக்காமல் மடியைக் கட்டிவைத்து, பெருத்த மடியைக் காட்டி விற்பதையும் நபியவர்கள் தடுத்தார்கள். வாங்கியவர் விரும்பினால் பிராணியை ஒரு ஸாவு பேரீச்சம்பழத்துடன் திருப்பித் தரலாம் என்றார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. திருப்பித் தரும் சட்டத்தில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதம் மத்ரஸா வகுப்பிற்குரியது, இங்கே வேண்டாம். அச்செயல் பாவம் என்பதில் எவருக்கும் வேறுபாடு இல்லை. அந்த வியாபாரி வாயால் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள். மடியே அவருக்காகப் பேசியது. நம் காலத்தில் அந்த வேலையை இலைப்படம் செய்கிறது.

தனக்குக் கொடுக்கப்படாததைக் கொண்டு தன்னை நிறைவாகக் காட்டிக்கொள்பவர், பொய்யினாலான இரண்டு ஆடைகளை அணிந்தவரைப் போன்றவர் என்ற கருத்தில் நபிமொழி ஒன்று உண்டு. அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அறிவிக்கிறார்கள். ஒரு பெண் தன் வீட்டு விவகாரத்தைப் பற்றிக் கேட்டபோது சொல்லப்பட்ட பதில் அது. ஆயினும் உறை என்பது பொருளுக்கு நாம் போர்த்தும் ஆடைதானே!

"அந்தச் சொல் இல்லாமல் என்ன விலைக்குப் போகும், அம்மா?" என்று அச்சகோதரியிடம் கேட்டேன். சற்று யோசித்து, "120 ரூபாய்ச் சோப்பு 80 ரூபாய்க்குப் போகும், ஹஜ்ரத்" என்றார். அப்படியானால் அந்த 40 ரூபாய் எதன் விலை? எண்ணெயின் விலையன்று, உழைப்பின் விலையும் அன்று. அது சொல்லின் விலை. வாங்கியவர் அந்தச் சொல்லுக்கும் காசு கொடுத்திருக்கிறார். பொருள் கைக்கு வந்தது, சொல்லுக்குரிய உண்மை வரவில்லை. ஒருவர் பொருளை மற்றவர் தவறான வழியில் உண்ணாதீர்கள், மனம் ஒப்பிய வியாபாரமாக இருந்தாலன்றி என்று அந்நிஸா அத்தியாயம் (4:29) கட்டளையிடுகிறது. ஒப்புதல் என்பது அறிந்து ஒப்புவது. அறியாதவரிடம் பெற்ற ஒப்புதலை எந்த ஃபகீஹும் ஒப்புதலாகக் கணக்கிடமாட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உணவுப் பொருள்களில் ஆர்கானிக் என்று எழுதுவதற்கான விதிகள் 2017-ல் இயற்றப்பட்டு 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளன. அவை உணவுக்கு உரியவை. சோப்புக்கும் தைலத்துக்கும் அல்ல. ஆகவே உடலில் பூசும் பொருள்களில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 1940-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுப்பொருள் சட்டப்படி, பொய்யான அல்லது திசைதிருப்பும் வாசகம் கொண்ட உறையோடு அழகுப்பொருளை விற்பதே குற்றம். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகள், இயற்கையானது, ஆர்கானிக், தூய்மையானது போன்ற பொதுச் சொற்களைத் தக்க விளக்கமும் ஆதாரமும் இன்றிப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. திசைதிருப்பும் விளம்பரத்திற்கு அந்த ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

இன்னொன்றும் உண்டு, இதைச் சொல்லாமல் விட்டால் நானும் ஈரத்தை மறைத்தவன் ஆவேன். அழகுப்பொருளை வாங்கி விற்பதற்கு உரிமம் தேவையில்லை. தயாரித்து விற்பதற்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். வீட்டில் செய்யும் சோப்புக்கும் இதே சட்டம்தான். உறையில் தயாரிப்பாளரின் பெயர், முழு முகவரி, தொகுதி எண், உரிம எண், எந்த மாதம் வரை பயன்படுத்தலாம் என்பது, சேர்மானங்களின் பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும். பட்டியலில் அதிகம் உள்ளது முதலில் வர வேண்டும். தனிக் கூடம் கட்ட இயலாதவர்கள், ஏற்கெனவே உரிமம் பெற்ற ஒருவரின் கூடத்தில் தம் பொருளைத் தயாரித்துக்கொள்ள 'லோன் லைசென்ஸ்' என்னும் வழியும் 2020-ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகளில் இருக்கிறது. நம் ஊர்ச் சிறுதொழில் செய்வோர் பலருக்கு இது தெரியாது. எனக்கும் சென்ற மாதம் வரை தெரியாது.

சோப்பில் ஒரு சொல் கூடுதலாக இருந்தால் யாருக்கு என்ன கெடுதல் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மலப்புறம் மாவட்டச் செய்தியை அறிய வேண்டும். கோட்டக்கல்லில் உள்ள மருத்துவமனை ஒன்றின் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அபூர்வமான ஓர் உட்பிரிவு நோய் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர், நோய் தொடங்கும் முன் முகத்தை வெளுப்பாக்கும் கிரீம்களைப் பூசியவர்கள். அத்தகைய கிரீம்களில் உள்ள பாதரசமே காரணம் என்று மருத்துவர்கள் எழுதினார்கள். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது. அந்தக் கிரீம்கள் எல்லாம் ஆர்கானிக் என்று விற்கப்பட்டவை என நான் சொல்ல வரவில்லை. உள்ளே இருப்பதை உறை சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்காகச் சொன்னேன்.

நம் வீட்டுக்கு இன்னும் நெருங்கிய செய்தி ஒன்று. பெருநாள் இரவில் பெண் பிள்ளைகளின் கைகளில் மருதாணி இடுகிறோம். அசல் மருதாணி முதலில் ஆரஞ்சு நிறமாகப் பிடித்து, ஓரிரு நாளில் செம்பழுப்பாக முதிரும். இட்ட சிறிது நேரத்தில் கறுப்பாகப் பிடிக்கும் கோன் என்றால், அதில் பெரும்பாலும் முடிச்சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்னும் இரசாயனம் கலந்திருக்கும். அது தோலைக் கொப்பளிக்கச் செய்யும். சிலருக்கு வாழ்நாள் ஒவ்வாமையாக நிலைத்துவிடும். அந்தக் கோனின் மேலும் 'நேச்சுரல்' என்றுதான் எழுதியிருக்கிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு: இயற்கையானது என்பதாலேயே ஒன்று தீங்கற்றது ஆகிவிடாது. சந்தையில் விற்கும் சுர்மாக்கள் பலவற்றில் இருப்பது ஈயக் கல்லின் தூள். அதுவும் பூமியில் இயற்கையாகக் கிடைப்பதுதான்.

சிறு வியாபாரம் என்னும் சாக்கு

"பெரிய கம்பெனிகளே எழுதும்போது நாங்கள் எழுதினால் என்ன?" என்று கேட்கிறார்கள். இரவில் மதீனாவின் தெருக்களில் சுற்றி வந்த உமர் (ரலி) அவர்கள் ஒரு வீட்டுச் சுவரோரம் கேட்ட உரையாடல் உங்களுக்குத் தெரிந்ததுதான். பாலில் தண்ணீர் கலக்கச் சொல்கிறாள் தாய். கலீஃபா தடை செய்திருக்கிறாரே என்கிறாள் மகள். உமர் பார்க்கவா போகிறார் என்கிறாள் தாய். உமரின் இறைவன் பார்க்கிறானே என்கிறாள் மகள். அம்மகளைத் தம் மகன் ஆஸிமுக்கு மணம் முடித்து வைத்தார்கள் உமர் (ரலி). அவ்வழியில் வந்தவர்தாம் உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்).

பலமுறை கேட்ட வரலாறு. ஆனால் அது எப்படிப்பட்ட வீடு என்று நாம் யோசிப்பதில்லை. அரண்மனை வியாபாரியின் வீடன்று. காலையில் விற்க ஒரு குடம் பால் உள்ள வீடு. பெண்கள் நடத்திய வீட்டுத் தொழில். தண்ணீர் ஒரு செம்பு கூடினால் அடுத்த வேளை உணவு கூடும் என்னும் நிலை. அந்த வீட்டிலிருந்துதான் அந்தக் குரல் வந்தது.

வேறொரு கோணத்திலும் பாருங்கள். சோப்பில் என்ன கொழுப்பு சேர்ந்திருக்கிறது, மாத்திரையின் மேலுறை எந்தப் பிராணியின் ஜெலட்டின் என்று நாம் கடைக்காரரைத் துருவித் துருவிக் கேட்கிறோம். கேட்க வேண்டும், அது நம் மார்க்கம். உறையில் உள்ளதை நம்பித்தான் நாம் உண்கிறோம், பூசுகிறோம். பிறர் எழுதும் உறையில் அணுவளவும் பொய் இருக்கக் கூடாது என்று எதிர்பார்க்கும் சமுதாயம், தான் எழுதும் உறையில் கை தளரலாமா? அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களைத்தானே 83-ஆவது அத்தியாயம் தன் தொடக்கத்திலேயே கண்டிக்கிறது!

நங்கநல்லூர் கோயில்கள் நிறைந்த ஊர். நம் சகோதரியின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் மாற்று மதச் சகோதரிகள். அவர்களிடம் வாங்கும் காசுக்கு வேறு கணக்கு உண்டு என்று எவராவது எண்ணினால் அது மார்க்கம் அறியாமை. மத்யன் வாசிகளிடம் ஷுஐப் (அலை) அவர்கள், மக்களுக்கு உரிய பொருள்களைக் குறைக்காதீர்கள் என்றார்கள் (7:85). மக்கள் என்றார்கள், நம்பிக்கையாளர்கள் என்று சுருக்கவில்லை.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இது சிலருக்குக் கசக்கும். ஆர்கானிக் என்ற சொல்லைப் போலவே, 'நபி மருத்துவம்', 'சுன்னத்தான தைலம்' என்ற சொற்களும் இப்போது உறைகளில் ஏறிவிட்டன. கருஞ்சீரகத்தின் சிறப்பைப் பற்றி ஆதாரப்பூர்வமான ஹதீஸ் உண்டு. அதைக் காட்டி, பத்துப் பங்கு பாரஃபின் எண்ணெயில் ஒரு பங்கு கருஞ்சீரக எண்ணெய் கலந்து, வழுக்கையில் முடி முளைக்கும் என்று நபியவர்களின் பெயரால் விற்க எவருக்கு அனுமதி இருக்கிறது? அத்தர் கடைகளிலும் இப்படித்தான். சந்தன அத்தர் என்று சில ரூபாய்க்குக் கிடைக்கும் சீசாவில் சந்தனம் எவ்வளவு இருக்கும் என்பது விற்பவருக்குத் தெரியும். ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் அஷ்ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளர்களுக்காக எழுதிய நூலில், கஸ்தூரியிலும் குங்குமப்பூவிலும் வாசனை வியாபாரிகள் செய்யும் கலப்படங்களை விரித்து எழுதியிருக்கிறார். நோய் பழையது. புதிதாக வந்தது அச்சிட்ட உறை மட்டும்தான்.

வாங்கிய காசின் நிலை

அச்சகோதரியின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வணிகர். அவர்களின் கூட்டாளி ஹஃப்ஸ், குறையுள்ள ஓர் ஆடையை, குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்று தெரியவில்லை. இமாம் அவர்கள் அந்தச் சரக்கின் தொகை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று அவர்களின் வரலாற்று நூல்களில் காண்கிறோம்.

அறியாமல் செய்தது என்பதால் அச்சகோதரியின் பாவத்தை அல்லாஹ் மன்னிக்கப் போதுமானவன். ஆனால் அடியார்களின் உரிமை அடியார்களிடமே தீர்க்கப்பட வேண்டும். வாங்கியவரைத் தேடிப் பிடிக்க முடியாதபோதுதான் தர்மம் என்னும் வழி. அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் காலத்தில் வாங்கியவர் கூட்டத்தில் மறைந்துவிட்டார். நம் சகோதரியின் வாடிக்கையாளர்களோ, ஒவ்வொருவரும் பெயரோடும் எண்ணோடும் அவருடைய கைபேசியில் இருக்கிறார்கள்! இதைச் சொன்னபோது அவர் முகம் வாடியது. மகன்தான், "எழுதிவிடலாம்மா" என்றான்.

எழுதினார்கள். சோப்பு சான்று பெற்ற ஆர்கானிக் அன்று. கடையில் வாங்கிய தேங்காய் எண்ணெயிலும் காஸ்டிக் சோடாவிலும் செய்தது. ஜெல் வெளியில் வாங்கி நிரப்பியது, அதில் இன்னின்ன பதப்பொருள்கள் உள்ளன. தெரியாமல் தவறாக அச்சிட்டுவிட்டேன். விலை வித்தியாசம் வேண்டுவோருக்குத் திருப்பித் தருகிறேன். இவ்வளவுதான் செய்தி. நான்கு பேர் பணம் கேட்டார்கள், கொடுத்துவிட்டார். பலர் வேண்டாம், மன்னித்தோம் என்று எழுதினார்கள். அந்த ஓய்வு பெற்ற ஆசிரியை, அடுத்த மாதத்திற்கும் சேர்த்துச் சோப்பு கேட்டிருக்கிறார். சிலர் பதிலே எழுதவில்லை. பிறகு வாங்கவும் இல்லை.

உரிமம் கிடைக்கும் வரை விற்பனையை நிறுத்தி வைத்திருக்கிறார். இம்மாதம் அக்குடும்பத்தின் வருமானம் விழுந்துவிட்டது. உண்மை பேசினார், உடனே கடை நிறைந்தது என்று உங்களிடம் கதை சொல்ல எனக்கு விருப்பமில்லை. உண்மை பேசிய வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்று ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் உறுதி கூறுகிறது. அந்த பரக்கத் எந்த வாசல் வழியாக வரும் என்று அதில் சொல்லப்படவில்லை. அது நம் வாசல் வழியாக ஏன் வரக் கூடாது? இரவு விருந்துக்குப் பத்து ஆயிரங்களைச் செலவிடும் நாம், எண்பது ரூபாய் சோப்புக்கு ஆர்கானிக் என்ற பச்சை இலையைத் தேடுகிறோம். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்தப் பெண்களை அப்படி எழுத வைத்தோம். வாங்குபவரின் பங்கும் இதில் இருக்கிறது.

ஜமாஅத் நிர்வாகத்தினரிடம் பேசியிருக்கிறேன். உரிமக் கட்டணத்திற்கும், உரிமம் பெற்ற கூடம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்துகொள்வதற்கும் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுக்க இசைந்திருக்கிறார்கள். அதுவரை அக்குடும்பத்தின் வீட்டுச் செலவை யார் பார்ப்பது என்பதைத் தொழுகைக்குப் பின் முத்தவல்லி அவர்களிடம் தனியே வந்து சொல்லுங்கள், பெயர் கேட்கப்படமாட்டாது.

அறிவிப்புப் பலகையில் நான் எழுதியதை நானே அழித்துவிட்டேன். உரிமம் வந்த பிறகு என்ன எழுத வேண்டும் என்று அச்சகோதரியே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்: 'கையால் செய்த தேங்காய் எண்ணெய் சோப்பு. சேர்மானம்: தேங்காய் எண்ணெய், தண்ணீர், காஸ்டிக் சோடா, வெட்டிவேர்த் தைலம்.' ஆர்கானிக் எண்ணெய் வாங்கும் வசதி வரும் நாளில், எண்ணெயின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் அந்தச் சொல்லையும் சான்று எண்ணையும் சேர்த்துக்கொள்வாராம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, இன்ஷா அல்லாஹ், அஸர் தொழுகைக்குப் பின் மத்ரஸாக் கூடத்தில் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த மருந்தாளுநர் ஒருவர் இருப்பார். வீட்டில் சோப்பு, தைலம், பொடி, அத்தர், மருதாணிக் கோன் எது செய்து விற்பவராயினும், உங்கள் உறைகளை எடுத்து வாருங்கள். மூலப்பொருள் வாங்கிய கேனையும் பையையும் மறக்காமல் உடன் எடுத்து வாருங்கள்.